ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தியானக் குழுவின் நிகழ்ச்சிகளை எப்படி அமைத்துக்கொள்வது?

கேள்வி: குரோம்பேட்டை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். குரோம்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், தகரக் கொட்டகையின் கீழ், ஞாயிறுதோறும் காலை 6 மணிக்குக் கூடித் தியானத்தில் அமரும் சிறிய பௌத்தக் குழு எங்களுடையது. மொத்தம் 14 பேர். அவர்களில் பாதிப் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள்.

சென்ற ஐப்பசியில் ஒரு முழுநாள் அமர்வுக்கு ஏற்பாடு செய்திருந்தோம். முந்தின இரவு பெய்த மழையில் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதால் நான்கு பேர்தான் வந்து சேர முடிந்தது. பத்து மணிக்கு மின்சாரமும் நின்றுபோனது. 14 பேருக்காகச் சமைத்த சாம்பார் சாதத்தை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டோம். இந்த ஆண்டு புரட்டாசிப் பௌர்ணமி தொடங்கிக் கார்த்திகை முடியும் வரை எங்களைப் போன்ற குழு எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

இன்னொரு ஐயமும் உண்டு. மழைக்காலம் முழுவதும் ஓரிடத்தில் தங்கிய பௌத்தத் துறவியருக்கு அதன் முடிவில் சீவரம், அதாவது துறவாடைக்கான துணி, வழங்கும் விழாவாக இலங்கையில் நடைபெறும் கடின சீவர தானத்தைப் பற்றி ஓர் அன்பர் விரிவாகச் சொன்னதிலிருந்து, அதை நாமும் நடத்த வேண்டும் என்று எங்களில் பலர் விரும்புகிறார்கள். துறவியர் எவரும் இல்லாத இல்லறத்தார் குழு அதை நடத்துவது முறையாகுமா?

பதில் 1: பெரம்பூர் அன்பர்

ஐயா, உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். கடினம் என்பது துணியை விரித்துக் கட்டித் தைப்பதற்கான மரச்சட்டத்துக்குப் பாலி மொழியில் வழங்கும் பெயர். புத்தரைக் காணச் சாவத்திக்குப் புறப்பட்ட 30 துறவியர், வழியில் மழைக்காலம் குறுக்கிட்டதால் சாகேதத்திலேயே மூன்று மாதம் தங்கிவிட்டு, அந்தத் தவணை முடிந்ததும் மழை ஓய்வதற்குக் காத்திராமல் சேற்றில் நடந்து, நனைந்து ஊறிய சீவரத்தோடு வந்து சேர்ந்தார்கள் என்றும், அவர்களைக் கண்ட பிறகே புத்தர் இதற்கு இசைவளித்தார் என்றும் துறவியருக்கான விதிகளின் தொகுப்பாகிய விநய பிடகம் கூறுகிறது.

இலங்கையில் வழங்கும் பௌத்தப் பிரிவாகிய தேரவாதத்தின் வழக்கில் இதற்கான விதிகள் கடுமையானவை. மழைக்கால உறைவை, அதாவது மூன்று மாதம் ஓரிடத்திலேயே தங்குவதை, முறையாக முடித்தவர்கள் உட்பட ஐந்து பிக்குகளாவது இருக்க வேண்டும். துணியைப் பெற்ற அன்றே வெட்டித் தைத்துச் சாயமிட்டு முடிக்க வேண்டும். ஒரு விகாரையில் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தலாம். உறைவு நிறைவடையும் பவாரணைப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி அடுத்த பௌர்ணமி வரைதான் அதற்குரிய காலம்; பெரும்பாலான ஆண்டுகளில் இது புரட்டாசிப் பௌர்ணமியிலிருந்து ஐப்பசிப் பௌர்ணமி வரை அமையும். ஆகவே அதை வீட்டில் நடத்த இயலாது. எழும்பூர் கென்னட் சந்திலுள்ள மகாபோதி சங்கத்தில் கேட்டு, துறவியருக்கு அப்போது எது தேவைப்படுகிறதோ அதைக் குழுவாகச் சேர்ந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வருவதே பொருத்தமாக இருக்கும்.

ஆனால் பவாரணையின் கருத்தை இல்லறத்தாரும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான எண்ணம். மூன்று மாதம் ஒன்றாகத் தங்கிய துறவியர், 'என்னிடம் நீங்கள் கண்ட குறை, கேட்ட குறை, ஐயுற்ற குறை எதுவானாலும் இரக்கத்தோடு சொல்லுங்கள்' என்று ஒருவரையொருவர் வேண்டிக்கொள்ளும் நாள் அது. எங்கள் குழுவில் சென்ற ஆண்டு அமர்வு முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து இதைச் செய்தோம். என் கைக்கடிகாரத்தின் ஓசை பக்கத்தில் அமர்பவரின் மனத்தைக் கலைக்கிறது என்று ஒரு தங்கை அன்றுதான் சொன்னார். ஓராண்டாகச் சொல்லத் தயங்கியிருக்கிறார். அன்றிலிருந்து கடிகாரத்தைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிடுகிறேன்.

பதில் 2: வேளச்சேரி வாசகி

அண்ணா, சென்ற ஆண்டு உங்கள் அமர்வு தடைப்பட்டதற்கு நாள்காட்டியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். துறவியரின் மழைக்கால உறைவு ஆடியையொட்டித் தொடங்கி ஐப்பசிக்குள் முடிந்துவிடுகிறது. அது வட இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி அமைந்தது. சென்னைக்கோ ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அவர்கள் வெளியே வரும் நேரத்தில் நாம் உள்ளே செல்ல வேண்டியிருக்கிறது. எனவே முழுநாள் அமர்வைப் புரட்டாசியிலேயே முடித்துவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மாதங்களை உங்கள் குழுவின் வீட்டு உறைவாக வைத்துக்கொள்ளுங்கள்: ஞாயிறு காலை அதே 6 மணிக்கு அவரவர் வீட்டிலேயே அமர்வது, மழை விட்ட வாரங்களில் மட்டும் மாடியில் கூடுவது, வயதானவர்களைத் தண்ணீரில் நடக்க வைக்காமல் இரண்டு மூன்று பேராக அவர்கள் வீட்டுக்கே சென்று உடன் அமர்வது.

துறவியர் மழையில் நடந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் குறைகூறியதால்தான் அந்த உறைவே ஏற்பட்டது. முதல் மழை பெய்த மறுநாள் உங்கள் மாடிப்படியிலும் மரவட்டைகள் ஊர்ந்துகொண்டிருக்கும். அங்கே நடைத் தியானம் செய்வதானால் நன்றாக விடிந்த பிறகு, தரையைப் பார்த்தபடி செய்யுங்கள். மாலை அமர்வாக இருந்தால் குழல்விளக்கை அணைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அணைக்க மறந்து, கண்ணைத் திறந்தபோது பாயைச் சுற்றிலும் ஈசல் இறகுகள் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்து மிகவும் வருந்தினோம்.

இளையவர்கள் யாராவது பத்து நாள் பயிற்சிக்குச் செல்ல விரும்பினால், திருமுடிவாக்கத்தில் கோயங்காவின் விபசனா தியான மரபில் நடைபெறும் தம்ம சேது என்ற மையம் உங்களுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. கட்டணம் இல்லை, பயிற்சியை முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. காலை 4 மணிக்கு எழுந்து பேசாநோன்புடன் பயில வேண்டும். கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும் என்பதால், புயல் எச்சரிக்கை வரும் மாதத்தில் வீட்டில் முதியவர்களைத் தனியே விட்டுச் செல்பவர்கள் அதற்கேற்ப நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பதில் 3: இராயப்பேட்டை அன்பர்

தியான அமர்வுகளைப் பற்றி மற்றவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். இந்த நாட்கள் தமிழ்ப் பௌத்தத்துக்கும் நெருக்கமானவை என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். 1956 அக்டோபர் 14 அன்று அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் நம் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிவிட்டார். தீபாவளியை எள்நெய் கண்டறியப்பட்டதைப் போற்றும் பௌத்த நாளாகவும், கார்த்திகை விளக்கை ஆமணக்கு நெய்யோடு தொடர்புடையதாகவும் விளக்கியவர் அவர். வரலாற்றுச் சான்றாக இதை முன்வைக்காமல் அவருடைய வாசிப்பாகவே சொல்லி, அந்த இரு நாட்களிலும் அவருடைய கட்டுரை ஒன்றை உரக்கப் படித்துவிட்டு ஒரு விளக்கேற்றி அமரலாம். தீபாவளியன்று பட்டாசுக்கு அரசு காலை 6 முதல் 7 மணி வரையும் இரவு 7 முதல் 8 மணி வரையும் நேரம் வகுத்திருப்பதால், பிற்பகல் அமர்வு ஓரளவு அமைதியாக இருக்கும்.

மழை இல்லாத ஒரு சனிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் சென்று வாருங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் செப்புத்திருமேனிகளின் முன்னால் எங்கள் குழு பத்து நிமிடம் பேசாமல் நின்றது. அவற்றில் சில உயரத்தில் ஒரு சாண்கூட இரா. அவற்றில் நமக்கே உரிய சோழநாட்டு வார்ப்பு நேர்த்தி தெரியும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை குழுவில் இவற்றைப் படித்துக் காட்டினேன். கடின தானம் நடத்தும் எண்ணத்தைக் கைவிட்டு, ஐப்பசிப் பௌர்ணமிக்குள் எழும்பூர் செல்வதென்றும், முழுநாள் அமர்வைப் புரட்டாசி மூன்றாம் ஞாயிறுக்கு மாற்றுவதென்றும் முடிவு செய்திருக்கிறோம். மழை நாட்களில் யார் யார் வீட்டுக்கு யார் செல்வது என்ற பட்டியலை எங்கள் குழுவின் மூத்த அம்மா ஒருவர் எழுதத் தொடங்கிவிட்டார். தம் பெயரைப் பார்க்க வேண்டியவர்கள் பக்கத்தில் எழுதாமல், சென்று பார்ப்பவர்கள் பக்கத்தில் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 71.