ஹிபாச்சி உணவகம்: ‘கல்லோரப் பந்தி’ எனும் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ‘ஹிபாச்சி’ என்ற பெயரில், உண்போர் முன்னிலையிலேயே சூடான இரும்புத் தகட்டில் சமைத்துப் பரிமாறும் உணவகங்களுக்குத் தமிழில் ‘தீச்சட்டி உணவகம்’ என்று இங்கே முன்வைக்கப்பட்ட சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மாரியம்மன் கோயில் நேர்த்திக்கடனோடு ஒன்றிவிட்ட சொல் அது என்பது ஒரு தடை. அந்த உணவகங்களில் தீச்சட்டியே இல்லை என்பது அதனினும் பெரிய தடை.

ஜப்பானியரின் ஹிபாச்சி, சாம்பல் பரப்பி அதன்மேல் கரியைக் கனலவிட்டுக் குளிர்காய வைக்கும் கலம். நெடுநல்வாடையில் வாடைக்கு நடுங்குவோர் நெருப்புக் காயும் ‘பகுவாய்த் தடவு’ ஏறக்குறைய இதுவே. ஆனால், இன்றைய வாசகர் ‘தடவு’ என்பதை வினையாகவே படிப்பார் என்பதால், ஹிபாச்சிக்குக் ‘கணப்புச்சட்டி’ போதும் என்பது என் கருத்து.

அமெரிக்க உணவகத்தில் நடப்பதோ தெப்பன்யாக்கி. தெப்பன் என்பது இரும்புத் தகடு. யாக்கி என்பது சுட்டோ வாட்டியோ சமைத்தது. கோபே நகரின் மிசோனோ உணவகம் 1945இல் தொடங்கிய இம்முறையை, ஹிரோவாக்கி அவோக்கி 1964இல் நியூயார்க்கில் திறந்த பெனிஹானா, சமையற்காரரின் கைவித்தையையும் விருந்தின் பகுதியாக்கி அமெரிக்கர்களிடையே பரப்பியது. அந்தத் தகட்டுக்குப் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. இரும்பில் வார்த்ததையும் தோசைக்கல் என்றும் பரோட்டாக் கல் என்றும் அழைக்கும் நமக்கு அது ‘கல்’தான், எனவே தெப்பன்யாக்கி ‘இரும்புக்கல் வாட்டல்’ ஆகலாம். உண்மையான கற்பலகையில் சுடும் இஷியாக்கி என்ற முறையும் ஜப்பானில் இருப்பதால், ‘இரும்பு’ என்ற அடையை விட்டுவிடக் கூடாது.

கூட்டமாகச் சென்று உண்ணும் அமைப்புக்குத்தான் நல்ல சொல் வேண்டும். கல்லின் மூன்று பக்கமும் பலகை இணைத்து எட்டுப்பேர் அளவில் அமர்த்துகிறார்கள். நால்வராகப் போனால் மீதி இடங்களில் அறிமுகமற்றவர்கள் வந்து அமர்வதும் உண்டு. சூப்பும் சாலடும் முடிந்த பிறகு சமையற்காரர் வந்து, வெங்காய வளையங்களைக் கோபுரமாக அடுக்கி, நடுவே எண்ணெய் ஊற்றிப் பற்றவைக்க, வரிசை முழுவதும் ஒருசேரப் பின்சாய்கிறது. பிறகு வறுத்த சோறு, காய்கறி, இறால், இறைச்சி எல்லாம் அவரவர் தட்டுக்கு நேரே கல்லிலிருந்து வருகின்றன. முன்பின் தெரியாதவரும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே வேளையில் பரிமாறப்பெறுவதைப் பந்தி என்றல்லாமல் வேறெப்படிச் சொல்வது? எனவே ‘கல்லோரப் பந்தி’ என்பதை முன்மொழிகிறேன்.

சொல்லுக்கான விளக்கத்தில் ஒரு குறிப்பும் இடம்பெற வேண்டும்: இறாலும் முட்டையும் இறைச்சியும் காய்கறியும் அந்த ஒரே கல்லில் சமைக்கப்படுவதால், சைவ உணவினரும் ஒவ்வாமை உள்ளவரும் முன்கூட்டியே சொல்லி, தமக்குரியதை உள்ளே தனியாகச் சமைத்துத் தர இயலுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சமையற்காரருக்குப் புதுச்சொல் ஆக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்; கல்லின் முன் நின்று கரண்டி தட்டுபவரை நாம் நெடுங்காலமாக ‘மாஸ்டர்’ என்றே அழைத்து வருகிறோம்.