முன்பிரேக் பிடித்ததும் மூக்கைத் தூக்கும் வண்டிகள்: உங்களுக்கு நடந்தது என்ன?

கொல்லிமலை ராஜ்தூத்

ராஜ்தூத் 175, பழைய முன்ஃபோர்க் உள்ளது. பெரியப்பா பால் கேன் கட்டி ஓட்டிய வண்டி. கொல்லிமலையிலிருந்து காரவள்ளிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவில் எதுவென்று நினைவில்லை, திரும்பினால் எதிரே பஸ். முன்பிரேக்கை அழுத்தினேன். ஹேண்டில்பார் கீழே அமுங்கும் என்று கை தானாக ஊன்றித் தயாராகிவிட்டது. அது மேலே வந்தது! வண்டி நேராகத்தான் நின்றது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முன்பக்கம் எழும்பிய அந்த நொடியில் நெஞ்சு திக்கென்றது, இன்றைக்கும் அது போகவில்லை. பிரேக் பிடித்தால் எடை முன்னால்தானே வரும்? இதே மாதிரி ஃபோர்க் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

இரவுப் பயணி

எனக்கு நேர் எதிர். வீட்டில் இருந்த பழைய கியர் ஸ்கூட்டர், முன்சக்கரத்தைப் பிடிக்க ஒரே பக்கம் கை, அச்சு மூட்டுக்குப் பின்னால் இருக்கும் டிரெய்லிங் லிங்க். உளுந்தூர்பேட்டை தாண்டி ராத்திரி போகும்போது நாய் குறுக்கே பாய்ந்தது. முன்பிரேக் பிடித்ததும் மூக்கு கவிழ்ந்தது, ஹெட்லைட் வெளிச்சம் மொத்தமும் சக்கரத்துக்கு முன்னால் தார்மேல் விழுந்துவிட்டது. அதற்கு அப்பால் கும்மிருட்டு. நாய் எந்தப் பக்கம் போனது என்றே தெரியாமல் அந்த இருட்டுக்குள் உருண்டு போனதைத்தான் மறக்க முடியவில்லை.

தம்பி, எடை முன்னால்தான் வருகிறது, அதில் சந்தேகம் வேண்டாம். பிரேக் ஷூ டிரம்மைப் பிடிக்கும்போது, சுற்றுகிற சக்கரம், ஷூக்கள் மாட்டியிருக்கும் பிரேக் பிளேட்டையும் தன்னோடு சுற்றப் பார்க்கும். அந்த பிளேட், சக்கரத்தைத் தாங்கும் லிங்க் கையில் கட்டப்பட்டிருந்தால், முறுக்கு அந்தக் கைக்குப் போகும். உங்கள் வண்டியில் கையின் மூட்டு பின்னால், அச்சு முன்னால். முறுக்கு சக்கரத்தைக் கீழே தள்ளும், வண்டி எழும்பும். என் ஸ்கூட்டரில் மூட்டு முன்னால், அச்சு பின்னால். அதே முறுக்கு சக்கரத்தை மேலே இழுக்கும், மூக்கு கவிழும்.

நியூரம்பெர்க்வாசி

மேலே சொன்ன கணக்கு சரி. ராஜ்தூத்தில் இருப்பது ஏர்ல்ஸ் வகை ஃபோர்க், அதாவது மூட்டு பின்னாலும் அச்சு முன்னாலும் இருக்கும் கை. போலந்தின் எஸ்.எச்.எல். எம்11 வண்டியைத்தான் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத்தாகச் செய்தது, ஃபோர்க்கும் அப்படியே வந்தது. இங்கே பி.எம்.டபிள்யூ 1955 முதல் 1969 வரை இதே ஏர்ல்ஸைப் போட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சைட்கார் மாட்டிய ஆர்60 இருக்கிறது. புதிதாக வாங்கியபோது முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார் என்றார். ஹேண்டில்பார் அசையவே இல்லை, இரண்டு கையாலும் இழுத்துத்தான் திருப்பினேன், தோள் வலித்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஸ்பேனர் எடுத்துவந்தார். அந்த ஃபோர்க்கில் கையின் மூட்டுக்கு இரண்டு துளைகள் உண்டு, பின்துளை தனி வண்டிக்கு, முன்துளை சைட்காருக்கு. முந்தைய உரிமையாளர் சைட்காரை மாட்டிவிட்டு போல்ட்டைப் பின்துளையிலேயே விட்டிருக்கிறார். முன்துளைக்கு மாற்றினால் அச்சு முன்னால் நகரும், டிரெயில் (ஹேண்டில் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறையும். மாற்றியதும் அதே வண்டியை ஒரு கையால் திருப்பினேன். குழாய்க்குள் குழாய் நகரும் டெலஸ்கோபிக் ஃபோர்க்கில் இதை ஒரு போல்ட் மாற்றிச் செய்ய முடியுமா? ஹைட்ராலிக் டெலஸ்கோபிக்கை 1935-லேயே விற்பனை வண்டியில் போட்ட அதே நிறுவனம், 20 வருடம் கழித்து ஏர்ல்ஸுக்குப் போனது சும்மா இல்லை.

பட்டறைக்காரர்

எல்லோரும் வடிவத்தைப் பேசுகிறீர்கள், கையின் மூட்டில் இருக்கும் புஷ்ஷைப் பற்றிப் பேச ஆளில்லை. என்னிடம் வந்த ஒரு ராஜ்தூத், கையை விட்டால் ஹேண்டில் படபடவென்று அடித்துக்கொள்ளும். வேறொரு இடத்தில் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டை இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். ஆட்டம் லிங்க் புஷ்ஷில்.

தம்பி, நீங்கள் மலை இறங்குகிறவர், அதனால் சொல்கிறேன். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். முதலில் ஃபோர்க்கின் அசையாத பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள், ஆடினால் கோன் செட். அப்புறம் சக்கரத்தை அச்சுக்குப் பக்கத்தில் பிடித்து இடவலமாகத் தள்ளுங்கள். சக்கர பேரிங் நன்றாக இருந்தும் கை ஆடினால் புஷ்தான். மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒரே நேர்கோட்டில் துளையைச் சரிசெய்யும் ரீமர் ஓட்டச் சொல்லுங்கள். கிரீஸை மறக்கவே கூடாது. ஷாக் அப்சர்பர் இரண்டும் ஒரே வலுவில் இருக்கவேண்டும், ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் ஃபோர்க் முறுக்கிக்கொள்ளும். முக்கியமாக, பிரேக் பிளேட்டைக் கையோடு பிடிக்கும் போல்ட்டைப் பாருங்கள். பிரேக்கின் முறுக்கு முழுக்க அதன் வழியாகப் போகிறது, தளர்ந்தால் பிளேட் சுற்றிக் கேபிளை அறுத்துவிடும். இதையெல்லாம் சரிபார்க்காமல் வேறு வண்டியின் டெலஸ்கோபிக் ஃபோர்க்கை அறுத்து மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஹெட் கோணம், டிரெயில் எல்லாம் மாறிப்போகும்.

ஈப்போ ரைடர்

நியூரம்பெர்க் அண்ணன் சொல்வதை முழுக்க ஏற்க மாட்டேன். நண்பரின் பி.எம்.டபிள்யூ ஆர்1100ஆர்எஸ், 1993-இல் வந்த டெலிலீவர் மாடல். முன்சக்கரத்தின் சுமையை எஞ்சினில் மூட்டப்பட்ட ஒரு கை தாங்கும், குழாய்கள் வழிகாட்டவும் திருப்பவும்தான். கேமரன் மலையில் மழையில் இறங்கும்போது முன்னால் லாரி நின்றுவிட்டது. அழுத்தினேன், முன்பக்கம் கிட்டத்தட்ட அசையவில்லை. இன்னும் இடமிருக்கிறது என்று இன்னும் அழுத்தினேன். லீவர் விரலில் துடித்து ஏ.பி.எஸ். வேலை செய்தபோதுதான் டயரின் எல்லைக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்தது. டெலஸ்கோபிக் அமுங்குவது எனக்குச் செய்தி. எவ்வளவு அமுங்குகிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு பிடிக்கிறேன் என்று கணக்குப் போடுகிறேன்.

நியூரம்பெர்க்வாசி

ஒரு வாரம் ஓட்டினால் அந்தச் செய்தி டயரிலிருந்தே கிடைக்கும், தம்பி. பழக்கம்தான் வேறு.

ஈப்போ ரைடர்

மழையில் ஒரு வாரம் யார் தருவார்கள் அண்ணா?

கொல்லிமலை ராஜ்தூத்

பட்டறை அண்ணா, பார்த்தேன். இடது புஷ் ஆடுகிறது, இரண்டையும் மாற்றக் கொடுத்துவிட்டேன். இரவுப் பயணி சார் சொன்னதிலிருந்து ஒரு கேள்வி: பிரேக் பிளேட்டைக் கையிலிருந்து விடுவித்து, கைக்கு இணையாக ஒரு ராட் போட்டு ஃபோர்க்கில் கட்டினால் இந்த எழும்பல் பெரும்பாலும் போய்விடும் அல்லவா? யாராவது ராஜ்தூத்தில் செய்திருக்கிறீர்களா? ஃபோர்க்கில் அந்த ராடை எந்த இடத்தில் பிடித்தீர்கள்?