கிளைக்கோஃபார்ம்: ‘சர்க்கரை வடிவம்’ பொருந்துமா?

வணக்கம் ஐயா,

கிளைக்கோஃபார்ம் (glycoform) என்ற உயிர்வேதியியல் சொல்லுக்குத் தமிழில் நீங்கள் தந்த ‘சர்க்கரை வடிவம்’ எனக்கு ஒட்டவில்லை. அது சர்க்கரையின் வடிவமல்ல, சர்க்கரைச் சங்கிலி தாங்கிய புரதத்தின் வடிவம்.

இரத்தத்தில் உள்ள ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்பொருளையே பாருங்கள் (இலங்கையில் பிறபொருளெதிரி). அதன் இரண்டு கனச்சங்கிலிகளிலும் (நீளமான புரதச் சங்கிலிகள்) 297ஆவது இடத்து அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு கிளைக்கான், அதாவது சர்க்கரைச் சங்கிலி. நுனியில் கேலக்டோஸ் என்ற சர்க்கரை 0, 1 அல்லது 2. அடியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையும் இருந்தால் அந்தக் கிளைக்கானின் பெயர் முறையே ஜி0எஃப், ஜி1எஃப், ஜி2எஃப். இரு பக்கமும் ஒரே கிளைக்கான்தான் இருக்கும் என்றில்லை. அந்த ஜோடியோடு சேர்ந்த முழு மூலக்கூறுதான் கிளைக்கோஃபார்ம்.

ஆய்வகத்தில் நாம் செய்வது வேறு. எஸ்டிஎஸ் (SDS) என்ற சலவைப்பொருளைப் போட்டுச் சூடாக்கிப் புரதத்தின் மடிப்பைக் குலைத்து, பிஎன்கேஸ்-எஃப் (PNGase F) நொதியால் 37 டிகிரியில் இரவு முழுக்கக் கிளைக்கானைப் புரதத்திலிருந்து அறுக்கிறோம். (இடையில் ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற மென்மையான சலவைப்பொருளைச் சேர்க்க மறந்தால் எஸ்டிஎஸ் நொதியையும் குலைத்துவிடும். பாதி அறுந்த மாதிரிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.) பிறகு அறுந்த கிளைக்கானில் 2-ஏபி (2-AB) என்ற ஒளிரும் சாயத்தை ஒட்டுகிறோம்: 65 டிகிரி, 2 முதல் 3 மணி நேரம். சூடோ நேரமோ மிஞ்சினால் சில கிளைக்கான்களின் நுனியில் உள்ள சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை உதிரும். மிச்சச் சாயத்தை 95% அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் கழுவும்போது தண்ணீர் கூடினால் சின்னக் கிளைக்கான்கள் முதலில் ஓடிவிடும்.

கிளைக்கான்களைப் பிரிக்கும் ஹிலிக் (HILIC) பத்தியில் முகடுகள் (வரைபடத்தில் எழும் கூம்புகள்) அழகாக வரும். ஒரு கிளைக்கானுக்கு ஒரே சாய மூலக்கூறு என்பதால் முகட்டின் பரப்பே மோல் விகிதம், அதாவது மூலக்கூறு எண்ணிக்கையின் விகிதம். ஆனால் அந்தக் குப்பியில் புரதமே இல்லையே! எது எதனோடு ஜோடி, எது எதிர்ப்பொருளின் எஃப்சி (Fc, தண்டு) பகுதியிலிருந்து வந்தது, எது ஃபேப் (Fab, கை) பகுதியிலிருந்து வந்தது, எல்லாம் கலந்தாயிற்று. அந்த முகட்டைக் கிளைக்கோஃபார்ம் என்பது பிழை. ‘சர்க்கரையேற்ற வடிவம்’ என்றால் புரதம் உள்ளே வந்துவிடும்.

*

வணக்கம் அம்மா,

பிரித்தது சரி. ‘சர்க்கரையேற்றம்’தான் இடிக்கிறது. நீரிழிவுக்கான எச்பிஏ1சி (HbA1c) இரத்தப் பரிசோதனையில் பார்ப்பதும் ஹீமோகுளோபினில் ஏறிய சர்க்கரையைத்தானே? அங்கே நொதி கிடையாது, குளுக்கோஸ் தானாக ஒட்டுகிறது. அது கிளைக்கேஷன். இந்த எதிர்ப்பொருளில் நடப்பதோ நொதிகள் செய்யும் கிளைக்கோசிலேஷன்: செல் 14 சர்க்கரைகளை முன்கூட்டியே கோத்து, சரமாகவே புரதத்தில் ஏற்றி, பிறகு நறுக்கியும் கூட்டியும் திருத்துகிறது.

ஆகவே முன்னது ‘சர்க்கரை ஒட்டல்’, பின்னது ‘சரமேற்றம்’. கிளைக்கான் ‘சர்க்கரைச்சரம்’, கிளைக்கோஃபார்ம் ‘சரமேற்ற வடிவம்’. கிளைக்கான் என்ற ஒலியைப் பிடித்துக்கொண்டு ‘கிளை’ என்று யாரும் வராதிருக்கட்டும். ஹயலுரோனான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியில் கிளையே கிடையாது.

*

சரம் நன்றாக இருக்கிறது ஐயா, எடுத்துக்கொள்ளலாம். விளக்கக் குறிப்பில் ஒன்று சேர்க்க வேண்டும். கிளைக்கானை அறுக்காத முழு எதிர்ப்பொருளை நிறைமானியில் (மூலக்கூறின் நிறையை அளக்கும் கருவி) போட்டால், கேலக்டோஸ் ஒன்று கூடக் கூட 162 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) தள்ளி முகடு வரும். இருபுறமும் ஜி1எஃப் உள்ளதும், ஒருபுறம் ஜி0எஃப், மறுபுறம் ஜி2எஃப் உள்ளதும் ஒரே நிறை, ஒரே முகடு. அங்கே ‘சம நிறைச் சரமேற்ற வடிவங்கள்’ என்று பன்மையில்தான் எழுத வேண்டும்.