மலேசியச் சீன இலக்கியத்தில் விமர்சனம்: நீங்கள் நேரில் கண்டதைப் பகிருங்கள்

கிள்ளான் வாசகர்:

இங்குள்ள சீன எழுத்தாளர் வட்டத்தில் ஒரு நாவல் சரியில்லை என்று எழுதினால் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான் சீனப்பள்ளியில் படித்த தமிழன். சீன நாளிதழ்களின் இலக்கியப் பக்கங்களை இன்றும் விடாமல் வாசிக்கிறேன். கூடப் படித்த நண்பர் ஒருவர் சீனப்பள்ளி ஆசிரியர். மூத்த எழுத்தாளர் ஒருவரின் நாவலுக்கு அவர் மதிப்புரை எழுதினார். அதில் வசை எதுவும் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒரு பெண் பேசும் பத்தியை அப்படியே எடுத்துப் போட்டு, நாளெல்லாம் மரத்தோடு மல்லுக்கட்டியவள் இப்படி மேடைப்பேச்சு மாதிரி பேசுவாளா என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான்.

அடுத்து வந்த நூல் வெளியீட்டில் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சங்கத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் அருகில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, வீடு வீடாகப் பணம் திரட்டிப் பள்ளிக்கூடம் நடத்துகிறோம். எழுத இருப்பதே நாலு பேர். அவர்களையும் நீ விரட்டிவிட்டால் யார் எழுதுவது?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம்.

அந்தக் கவலை பொய்யில்லை. சுமார் 1,300 சீனத் தொடக்கப் பள்ளிகள், அப்புறம் சமூகத்தின் கைக்காசில் ஓடும் அறுபது சொச்சம் தனியார் இடைநிலைப் பள்ளிகள் என்று ஒரு மொழியைக் கட்டிக் காத்து வருகிறார்கள். அரசின் கணக்கில் மலாயில் எழுதப்படுவதே தேசிய இலக்கியம். 1981 முதல் வழங்கப்படும் தேசிய இலக்கியவாதி விருதும் மலாய் எழுத்துக்குத்தான். சீனத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் அது ஒரு பிரிவினரின் இலக்கியம். அந்தப் பெரியவரின் வலி நமக்கும் பழக்கமானது. ஆனால் எழுத்தாளரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாசகனின் வாயை அடைத்தால், அந்த நூலை யாரும் படிக்காமலே பாராட்டிவிட்டுப் போகும் நிலைதான் மிஞ்சும். அன்றைய மேடையிலும் அதுதான் நடந்தது. பேசியவர்கள் எல்லாரும் ஆசிரியரின் உழைப்பைப் பேசினார்கள். கதையில் வரும் ஒருவரின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை.

எழுத்தாளரும் விமர்சகருமான இங் கிம் சியூவை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். ஜொகூரின் குளுவாங்கில் 1967-ல் பிறந்தவர், ரப்பர் தோட்டச் சூழலில் வளர்ந்தவர். 1986-ல் படிக்கத் தைவான் போய் அங்கேயே பேராசிரியரானார். 1997-ல் ஒரு கருத்தரங்கில், மூத்த நாவலாசிரியர் ஃபாங் பெய்ஃபாங்கின் எழுத்தை எடுத்துக்கொண்டு, இங்குள்ள யதார்த்தவாதம் கலையாகத் தேறவில்லை என்று வெளிப்படையாக வாதிட்டார். பெரிய சண்டையானது. மரியாதை தெரியாதவர், ஊரை விட்டுப் போனவர் என்றெல்லாம் ஏசினார்கள். அவருடைய தொனி சில இடங்களில் எனக்கும் ஒப்பவில்லை. ஆனாலும் அந்தச் சண்டைக்குப் பிறகு, சமூகத்துக்காக எழுதினேன் என்ற ஒன்றை மட்டும் சொல்லி ஒரு நாவலைக் கரையேற்ற முடியாமல் போனது. அது பெரிய காரியம். எனக்கு உறுத்துவது வேறு: இதைச் சொல்ல ஒருவர் தைவானில் இருந்தாக வேண்டுமா? உள்ளூரிலேயே இருக்கும் என் நண்பர் சொன்னால் ஏன் தாங்கிக்கொள்ள முடியவில்லை?

ஸ்கூடாய் வாசகி:

கிள்ளான் அண்ணன் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கறாரான விமர்சனம் தைவானிலிருந்து இறக்குமதியானது என்று இங்கே சிலர் பேசுவதுண்டு. நான் அதை ஏற்கவே மாட்டேன். 1947-48-லேயே இந்த மண்ணில் பெரிய விவாதம் நடந்திருக்கிறது. இங்கிருந்து எழுதுகிறவன் சீனாவைப் பார்த்து எழுத வேண்டுமா, மலாயா வாழ்க்கையை எழுத வேண்டுமா என்று நாளிதழ்களில் ஆளுக்கு ஆள் மோதிக்கொண்டார்கள். பின்னால் பத்திரிகை ஆசிரியர் ஃபாங் சியூ பழைய நாளிதழ்களின் இணைப்புப் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, அந்தக் கால எழுத்துகளைப் பத்துத் தொகுதிகளாகத் தொகுத்தார்.

எங்கள் ஊர்க் கல்லூரியில் மலேசியச் சீன இலக்கியத்துக்கென்றே ஒரு சேகரிப்பு இருக்கிறது. 1955-ல் சிங்கப்பூரில் தொடங்கி 1999-ல் நின்றுபோன ஜியாவ் ஃபெங் என்ற சீன இலக்கிய இதழை 2002-ல் மறுபடி உயிர்ப்பித்ததும் அந்தக் கல்லூரிதான். பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். தாள் பழுத்து ஓரம் உதிர்கிறது, தொட்டால் விரலில் துகள் ஒட்டுகிறது. ஒரு பக்கத்தில் யாரோ பென்சிலால் "இல்லை, தவறு" என்று எழுதி, கீழே தன் பதிலையும் நெருக்கி எழுதியிருந்தார். அவரைக் கண்டுபிடித்துப் பேச வேண்டும் போல இருந்தது. எதிர்த்துப் பேசும் அளவுக்குக் கவனமாகப் படித்த வாசகர்கள் இங்கேயே இருந்திருக்கிறார்கள்.

ஈப்போ வாசகர்:

1990-ல் சின் சியூ என்ற சீன நாளிதழ் தொடங்கிய ஹுவா சோங் இலக்கிய விருதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! வெளிநாட்டு எழுத்தாளர்களையும் நடுவர்களாக அழைப்பார்கள். நடுவர்கள் தங்களுக்குள் வாதாடியது அச்சிலும் வரும். நான் முதலில் தேடிப் படிப்பது அதைத்தான். இந்தக் கதையின் முடிவு பலவீனம், அந்தக் கதையின் மொழி புதிது என்று மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் இளம் எழுத்தாளர் போட்டியொன்றில் பரிசு வாங்கியபோது நடுவர்கள் நன்றாக அலசினார்கள். பிறகு அவர் தொகுப்பு வந்தபோது ஒரு மதிப்புரைகூட வரவில்லை. "திட்டியாவது எழுதியிருக்கலாம் அண்ணே" என்றார் என்னிடம். கிள்ளான் நண்பரே, உங்கள் ஆசிரியர் நண்பர் இன்னும் எழுதுகிறார் என்றால் சொல்லுங்கள். அந்தத் தொகுப்பை அவருக்கு அனுப்பி வைக்கிறேன்.