ராஜாவை நாற்காலியில் கட்டும் காட்சி: காலர் மைக் கரகரக்கிறது

பென்னாகரத்தான்:
இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் புத்தி பேதலித்த கதையை நாங்களே எழுதி, தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாடகமாகப் போடுகிறோம். இரண்டு மணி நேரம், மூன்று கேமரா. ராஜாவை வாரால் கட்டும்போது காலர் மைக்கில் ஒரே கரகரப்பு. வசனமே கேட்கவில்லை. என்ன செய்யலாம் அண்ணா?

ஒலிக்காரர், கிருஷ்ணகிரி:
தம்பி, நெஞ்சில் குத்திய மைக்கின் மேல் வார் இறுகினால் துணி தேயத்தான் செய்யும். டோப்பாவின் முன்விளிம்பில் ஒளித்து வைக்கலாம் என்றால், நோய் முற்றினதும் ராஜா டோப்பா இல்லாமல்தானே நிற்பார்? காதுக்கு மேலே வைத்து, வயரைப் பின்கழுத்து வழியாக இறக்கி, பிளாஸ்திரி போடுங்க. மேக்கப்புக்கு முன்னாடியே ஒட்டணும். பவுடர் மேல் ஒட்டினால் வேர்வையில் பிய்ந்துகொள்ளும். டிரான்ஸ்மிட்டரை முதுகுப்பக்கம் செருகாதீங்க, நாற்காலி அழுத்தும். இடுப்பில் பக்கவாட்டாக, வார் படாத இடத்தில் இருக்கட்டும்.

லெவலை அவர் கதறும் வரியை வைத்துக் கட்டுங்க, உச்சம் -12 டெசிபலில் நிற்கணும். முணுமுணுப்பை எடிட்டிங்கில் ஏற்றிக்கொள்ளலாம். பிளந்த ஒலியை மீட்கவே முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக் என்றால் ரிசீவர் மேடை ஓரத்திலேயே இருக்கணும், கூட்டத்தின் செல்போன்கள் குறுக்கே வந்தால் அறுந்து அறுந்து கேட்கும். எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தச் சொல்லுங்க.

பாலக்கோடு கேமரா:
25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இந்தக் கணக்கில் லைட் துடிப்பு பெரும்பாலும் தெரியாது. ஆட்டோ எக்ஸ்போஷர் வேண்டவே வேண்டாம். கறுப்புத் திரை முன்னால் வெள்ளைச் சட்டை நின்றால் முகம் வெளுத்துப்போகும். பதிவு வேகம் 100 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு 100 மெகாபிட்) என்றால் மணிக்கு 45 ஜி.பி., கேமராவுக்கு ஒரு 128 ஜி.பி. கார்டு போதும். பழைய கேமராக்கள் பல 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். மூன்றையும் ஒரே நேரத்தில் ஓட விடாமல் சில நிமிடம் தள்ளித் தள்ளி ஆரம்பிங்க. ஒரு கேமரா ராஜா முகத்தை விட்டு நகரவே கூடாது.

காவேரிப்பட்டணம்:
கதையையும் கவனிங்க. 1788 கடைசியில் அவருக்கு வந்தது சோர்வு இல்லை. மணிக்கணக்காக நிற்காமல் பேசினார். டாக்டர் வில்லிஸ் வந்தது டிசம்பரில், கட்டிவைத்த நாற்காலியும் அவர் வைத்தியம்தான். 1789 பிப்ரவரியில் தேறிவிட்டார். மீளாத சரிவு 1810-ல். அடுத்த ஆண்டு மகன் ஆட்சிப் பொறுப்பேற்றார். அவருக்கு இருந்தது போர்பிரியா என்ற பரம்பரை நோய் என்பது 1966-ல் சொன்ன யூகம், அதையும் பின்னாளில் மறுத்திருக்கிறார்கள். மேடை டாக்டர் வாயில் அந்தப் பேர் வந்தால் தப்பு. நடிப்பிலும், பாரதக் கூத்துத் துரியோதனன் குரல் குளோசப்புக்கு ரொம்ப அதிகம். தலையை விரித்துப் போட்டுச் சிரிக்க வைக்காதீங்க. பேச்சு வேகம் மட்டும் காட்சிக்குக் காட்சி ஏறட்டும்.

பென்னாகரத்தான்:
நன்றிங்க. மைக் எந்தக் காதுப்பக்கம்?

ஒலிக்காரர், கிருஷ்ணகிரி:
முகத்தைப் பிடிக்கும் கேமராவுக்கு மறுபக்கம். நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவீங்க என்று முடிவு பண்ணிட்டு ஒட்டுங்க.