டாக்டர் கிளினிக்ல முன்பின் தெரியாதவங்க மொட்டையா பேரைச் சொல்லிக் கூப்பிடறது எனக்கு மட்டும்தான் உறுத்துதா?

ஜன்னலோர சீட்டு

போன வாரம் முட்டிவலிக்கு ஒரு புது டாக்டர்கிட்ட போனேன். எனக்கு வயசு 63. வெயிட்டிங் ஹால்ல இருபது பேர் இருப்போம், ஒரு பொண்ணு கதவைத் திறந்துச்சு, இருபத்திரெண்டு இருபத்திமூணு வயசு இருக்கும், கையில டேப்லெட், அதுலேருந்து கண்ணை எடுக்காமலே என் பேரைச் சத்தமா ஒரு தடவை. வெறும் பேரு. முன்னாடியும் ஒண்ணும் இல்ல, பின்னாடியும் ஒண்ணும் இல்ல. வேற யாரையோ கூப்பிடறாங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். ஏன்னா என்னை இப்படி மொட்டையா பேர் சொல்லிக் கூப்பிடற ஆளுங்க இப்ப உயிரோட இருக்கறது ரெண்டே பேரு, ஒண்ணு எங்க அக்கா, இன்னொண்ணு ஸ்கூல்ல கூடப் படிச்சவ ஒருத்தி. மத்தவங்களுக்கெல்லாம் நான் அம்மா, அத்தை, மேடம், டீச்சர், பாட்டி, ஏதோ ஒண்ணு.

சரி போகட்டும்னு எழுந்து போனேன். எடை பாக்கறப்போ ஒரு தடவை பேரு, பிரஷர் பாக்கறப்போ இன்னொரு தடவை, அதோட "கையை லூசா விடு"ன்னு ஒரு ஒருமை வேற. அப்புறம் டாக்டர் வந்தாரு, என் பையனை விட சின்னவரா இருப்பாரு, "நான் டாக்டர் இன்னார்"னு தன் பேருக்கு முன்னாடி டாக்டரை மறக்காம போட்டுகிட்டாரு, அடுத்த மூச்சுலயே என் பேரு, மொட்டையா. நான் அப்போ முதுகுப் பக்கம் முடிச்சு போடற அந்த கவுனை மாட்டிகிட்டு, கால் தரையில படாத உசரத்துல உக்காந்திருக்கேன், மேல் முடிச்சு அவுந்து போச்சு, ஒரு கையால அதைப் புடிச்சுகிட்டு இன்னொரு கையால எங்க வலிக்குதுன்னு காட்டறேன். அந்தக் கோலத்துல பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எப்படி இருக்கும் சொல்லுங்க.

வைத்தியம் நல்லாத்தான் பாத்தாரு, அதுல குறை சொல்ல மாட்டேன். பையன்கிட்ட சொன்னா "அவங்க ஃப்ரெண்ட்லியா இருக்கணும்னுதான்மா அப்படிக் கூப்பிடறாங்க, ரிட்டையர் ஆகியும் நீ இன்னும் டீச்சர் புத்தியை விடல"ங்கறான். ஃப்ரெண்டுன்னா நானும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம்தானே? யாராவது கூப்பிட்டுப் பாத்திருக்கீங்களா, என்ன ஆச்சு?

மூணாவது ஷிஃப்ட்

அம்மா, நான் அந்த டேப்லெட் பொண்ணோட கட்சி. ஒன்பது வருஷமா ஃப்ரண்ட் டெஸ்க். ஒருமையில பேசினது தப்பு, அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், ஆனா பேர் சொல்லிக் கூப்பிடறதுக்குப் பின்னாடி கொஞ்சம் விஷயம் இருக்கு.

முதல் விஷயம், ஆள் மாறிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2007ல கொடுத்த வழிகாட்டுதல்ல ஒரு நோயாளியை உறுதி பண்ண குறைஞ்சது ரெண்டு அடையாளமாவது வேணும்னு இருக்கு, பேரும் பிறந்த தேதியும் மாதிரி, ரூம் நம்பர் அதுல சேராது. எல்லாரையும் சார், மேடம்னு கூப்பிட்டா ஹால்ல பாதிப் பேர் எழுந்துடுவாங்க. இன்னொண்ணு, நீங்க கவனிச்சிருக்கீங்களான்னு தெரியல, நல்லா ட்ரெயினிங் வாங்கின ஸ்டாஃப் "நீங்கதானே இன்னார்?"னு கேக்கவே மாட்டாங்க, "உங்க பேரு சொல்லுங்க"ன்னுதான் கேப்பாங்க. ஏன்னா காது சரியாக் கேக்காதவங்க, பயத்துல இருக்கறவங்க, அரைத் தூக்கத்துல இருக்கறவங்க எதைக் கேட்டாலும் ஆமான்னு தலையாட்டிடுவாங்க. எங்ககிட்டயே ஒரே பேர்ல ரெண்டு பெரியவங்க ஒரே நாள் வந்தாங்க, ஒருத்தருக்கு ஊசி, இன்னொருத்தர் சும்மா ரிப்போர்ட் வாங்க வந்தவரு. நான் பேரைக் கூப்பிட்டேன், ரிப்போர்ட்காரர் எழுந்து உள்ள போய் சட்டைக் கையையும் மடிச்சுகிட்டாரு, சிஸ்டர் பிறந்த தேதி கேட்டதாலதான் தப்பிச்சோம். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

ரெண்டாவது, பிரைவசி. அமெரிக்காவுல ஹிப்பான்னு சட்டம் இருக்கு, அந்த விதிப்படியே வெயிட்டிங் ரூம்ல பேர் சொல்லிக் கூப்பிடலாம், என்ன நோய்னு சேர்த்துக் கத்தக் கூடாது, அவ்வளவுதான். ஆனாலும் முழுப் பேரையும் கூப்பிட்டா பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு நீங்க யாருன்னு சுலபமாத் தெரிஞ்சுடுமேன்னு பல இடத்துல பாதிப் பேரோட நிறுத்திக்கறாங்க. உங்களுக்கு மரியாதைக் குறைவாத் தெரியறது எங்க பக்கத்துலேருந்து பாத்தா ரகசியம் காப்பாத்தறது. அதுலயும் ஒரு கூத்து, முதல் பேரு கடைசி பேருன்னு ஃபார்ம்ல ரெண்டு கட்டம் இருக்கு பாருங்க, அதுல பாதிப் பேர் மாத்தி எழுதிடறாங்க, நாங்களும் அதை நம்பி ஒரு அம்மாவை அவங்க அப்பா பேரைச் சொல்லியே ரெண்டு மாசம் கூப்பிட்டிருக்கோம், அவங்களும் பாவம் வந்துட்டே இருந்தாங்க.

அரை டிக்கெட்

எனக்கு நேர் எதிர். மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டா லோன் வசூல் பண்ண வந்த மாதிரி இருக்கு, வயித்துல புளியைக் கரைக்குது. பேர் சொன்னாத்தான் மனுஷன்கிட்ட பேசற ஃபீல். நான் மட்டும் இல்ல, 2007ல ஒரு அமெரிக்க மருத்துவ ஜர்னல்ல வந்த சர்வேல நானூத்திச் சொச்சம் பேர்கிட்ட கேட்டாங்க, டாக்டர் உங்களை எப்படிக் கூப்பிடணும்னு, பாதிப் பேர் முதல் பேரைச் சொல்லியேன்னுதான் சொன்னாங்க. கடைசிப் பேரைச் சொல்லிக் கூப்பிடணும்னு சொன்னது 17 சதவீதம்தான். அக்கா, கோச்சுக்காதீங்க, நீங்க மைனாரிட்டி.

ஜன்னலோர சீட்டு

தம்பி, அந்த மிச்சப் பாதியில நான் ஒருத்தி இருந்துட்டுப் போறேன். அது இருக்கட்டும், உங்க வயசு என்ன?

அரை டிக்கெட்

29 😐

கஞ்சி போட்ட கோட்

டாக்டர்தான் நானும், பொண்ணு. அரை டிக்கெட் சொன்ன சர்வே எனக்கும் தெரியும், ஆனா அதுல இன்னொரு பாதியை விட்டுட்டாரு. புதுசா வந்த நோயாளிங்களை டாக்டருங்க பாக்கறதை வீடியோவும் எடுத்தாங்க, அதுல கிட்டத்தட்ட பாதி விசிட்ல டாக்டர் நோயாளியோட பேரைச் சொல்லவே இல்ல. முழுப் பேரும் இல்ல, பாதிப் பேரும் இல்ல. நேரா "எங்க வலிக்குது"தான். பேர் சொல்லிக் கூப்பிடறதைப் பத்தி நாம இங்க சண்டை போட்டுட்டு இருக்கோம், பேரே சொல்லாத ஆளுங்க நைசா தப்பிச்சுப் போயிட்டாங்க.

அம்மா, உங்களுக்கு உறுத்தினது பேர் இல்லன்னு எனக்குப் படுது, அது ஒருவழிப் பாதையா இருக்கறதுதான். அவரு டாக்டர் இன்னார், நீங்க வெறும் இன்னார். இதே அடியை நான் அந்தப் பக்கத்துலேருந்து வாங்கிட்டு இருக்கேன். வார்டுக்குள்ள நானும் என் ஜூனியர் பையனும் ஒண்ணாப் போவோம், அவனை விட நான் ஆறு வருஷம் சீனியர், அவனைப் பாத்து "டாக்டர், சொல்லுங்க"ம்பாங்க, என்னைப் பேர் சொல்லி "கொஞ்சம் ஃபேனைப் போடும்மா"ம்பாங்க. அமெரிக்காவுல மேயோ கிளினிக்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில நோயாளிங்க டாக்டருக்கு அனுப்பின மெசேஜை எல்லாம் ஆராய்ஞ்சு 2022ல ஒரு ஆய்வு வந்துச்சு, பெண் டாக்டரை வெறும் பேர் சொல்லி எழுதற வாய்ப்பு ஆண் டாக்டரை விட ரெண்டு மடங்குக்கு மேலன்னு. படிச்சுட்டு எனக்கு ஆச்சரியமே வரல, எங்க டியூட்டி ரூம்ல யாருக்கும் வரல.

இதுல எனக்குப் புடிச்ச ஆளு கேட் கிரேஞ்சர்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர். வயசானவங்களுக்கான மருத்துவர், அவங்களுக்கே கேன்சர் வந்து 2013ல ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ பாக்க வந்தவங்கள்ல நிறையப் பேர் நான் யாருன்னு ஒரு வார்த்தை சொல்லிக்கல. அதிலேருந்து "ஹலோ, என் பேரு இது"ன்னு சொல்லிட்டு ஆரம்பிங்கன்னு ஒரு இயக்கமே நடத்தினாங்க, 2016ல இறந்துட்டாங்க. பேட்ஜ்ல எல்லாம் அந்த வரி இன்னைக்கும் இருக்கு. அதுலேருந்து நானும் உள்ள போனதும் என் பேரைச் சொல்லிடுவேன், டாக்டர்னு சேக்கறது இல்ல, அப்புறம் "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?". நாலு செகண்ட் ஆகும். ஃபேன் போடச் சொல்றது மட்டும் இன்னும் நிக்கல.

வெந்நீர் பாட்டில்

எங்க அம்மாவுக்கு அல்சைமர், நாலு வருஷமா நான்தான் பாத்துக்கறேன், அதனால இதுல எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும்.

அம்மா ஒரு ஆபீஸையே கட்டி ஆண்டவங்க. அவங்களைப் போய் முதியோர் ஹோம்ல "செல்லக்குட்டி, மம்மம் சாப்பிடுவோமா, குட் கேர்ள்"னு பாட்டுப் பாடற குரல்ல பேசுவாங்க. அம்மா வாயை இறுக்க மூடிக்குவாங்க, ஸ்பூனைத் தட்டி விடுவாங்க, சார்ட்ல "ஒத்துழைக்கவில்லை"ன்னு எழுதிடுவாங்க. இந்த மாதிரி பேச்சுக்கு இங்கிலீஷ்ல எல்டர்ஸ்பீக்னு பேரே வச்சிருக்காங்க. அமெரிக்காவுல கான்சஸ் பக்கம் ஆராய்ச்சி பண்ணினவங்க மறதி நோய் இருக்கறவங்களைக் கவனிச்சுக்கறப்போ வீடியோ எடுத்துப் பாத்து 2009ல எழுதினாங்க, குழந்தைகிட்ட பேசற மாதிரி பேசினா அவங்க முரண்டு புடிக்கறது சாதாரணமாப் பேசறதை விட அதிகமாகுதுன்னு. பேரு, ஊரு, தேதி எல்லாம் மறந்து போயிருக்கும், ஆனா யாரோ நம்மளை மட்டம் தட்டறாங்கங்கறது மட்டும் எப்படியோ தெரியுது.

அதனால மேடம்னு கூப்பிடுங்கன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன். கொஞ்ச நாள் நல்லா போச்சு. அப்புறம் ஒரு கட்டத்துல மேடம்னா யாருன்னே அம்மாவுக்குத் தெரியல, திரும்பியே பாக்கல. புதுசா வந்த ஒரு நர்ஸ், நடு வயசு, அதிகம் பேச மாட்டாங்க, என்கிட்ட வந்து "சின்ன வயசுல வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. சொன்னேன், எங்க பாட்டி வச்ச செல்லப் பேரு, ரெண்டே எழுத்து, நாங்க யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. அவங்க பக்கத்துல உக்காந்து மெதுவா அந்தப் பேரைச் சொன்னதும் அம்மா திரும்பி "என்ன?"ன்னாங்க. மூணு வாரம் கழிச்சு வந்த முதல் வார்த்தை. அதனால மொட்டைப் பேரே தப்புன்னு என்னால சொல்ல முடியல. அந்த நர்ஸ் கேட்டுட்டுக் கூப்பிட்டாங்க, மத்தவங்க கேக்கல.

பழைய பேப்பர்காரன்

ஆஸ்பத்திரி இல்ல, கோர்ட்டுக் கதை, ஆனா இதைச் சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது. 1963ல அமெரிக்காவோட அலபாமா மாநிலத்துல மேரி ஹாமில்டன்னு ஒரு சிவில் உரிமைப் போராளி, கறுப்பினப் பெண், சாட்சிக் கூண்டுல நிக்கறாங்க. வெள்ளைக்காரங்களுக்கு மிஸ், மிஸ்டர், இவங்களுக்கு மட்டும் அரசு வக்கீல் வெறும் "மேரி". மிஸ் ஹாமில்டன்னு கூப்பிட்டாத்தான் பதில்னு நின்னுட்டாங்க. கோர்ட்டு அவமதிப்புன்னு 5 நாள் ஜெயிலு, 50 டாலர் அபராதம். கேஸு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி 1964ல அந்தத் தண்டனையை ரத்து பண்ணிட்டாங்க. டீச்சரம்மா, உங்க பையன்கிட்ட இதைச் சொல்லுங்க. ஃப்ரெண்ட்லிங்கறது கூப்பிடறவன் மட்டும் முடிவு பண்ற விஷயமா இருந்தா அந்தம்மா ஏன் ஜெயிலுக்குப் போறாங்க.

ஜன்னலோர சீட்டு

எல்லாருக்கும் நன்றி. நேத்து ரெண்டாவது விசிட், நடந்ததைச் சொல்லிடறேன்.

அந்தப் பொண்ணுகிட்டதான் முதல்ல போனேன். சண்டை எல்லாம் இல்ல, "கண்ணு, என்னை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டா கொஞ்சம் சங்கடமா இருக்கு, விடு வா எல்லாம் வேண்டாமே"ன்னேன். அதுக்கு முகமே செவந்து போச்சு. "ஐயோ மேடம், ஒரு நாளைக்கு எண்பது பேரு, வாய் தானா வருது"ன்னு சொல்லிட்டு டேப்லெட்டைத் திருப்பிக் காட்டுச்சு. எப்படி அழைக்க வேண்டும்னு ஒரு கட்டம் இருக்குங்க அதுல! எனக்கு மட்டும் இல்ல, மேல கீழ இழுத்துக் காட்டுச்சு, யாருக்குமே எழுதல, எல்லாம் காலி. மூணாவது ஷிஃப்ட், உங்க சிஸ்டம்லயும் இருக்கும், போய்ப் பாருங்க.

சரி என்ன எழுதட்டும்னு கேட்டுச்சு பாருங்க, அங்கதான் மாட்டினேன். அம்மான்னா? அது அதோட அம்மாவைக் கூப்பிட வச்சிருக்கட்டும். மிஸஸ்னு போட்டா பின்னாடி அவர் பேரு வரும், முட்டி என்னோடது. மேடம்னா ஆபீஸ் மாதிரி. வரிசையில பின்னாடி நின்னவரு தொண்டையைச் செரும ஆரம்பிச்சுட்டாரு. கடைசியில டீச்சர்னு போடச் சொன்னேன், முப்பத்தி நாலு வருஷம் கேட்ட பேரு.

அந்த டாக்டரைப் பேர் சொல்லிக் கூப்பிடணும்னு வீட்லேருந்தே மனசுக்குள்ள ரிகர்சல் பாத்துட்டுத்தான் போனேன். வாய் வரல. டாக்டர்னுதான் வந்துச்சு.

ஆனா அதுக்கு முன்னாடி ஹால்ல நடந்ததுதான். கதவு திறந்துச்சு, இந்தத் தடவை தலையை நிமிர்த்தி, சிரிச்ச முகமா "டீச்சர், வாங்க"ன்னு அந்தப் பொண்ணு கூப்பிட்டுச்சு. நானும் எழுந்தேன், மூணு சீட்டு தள்ளி இன்னொரு அம்மாவும் எழுந்துட்டாங்க. அவங்க கணக்கு டீச்சராம், என்னை விட ரெண்டு வருஷம் முன்னாடி ரிட்டையர் ஆனவங்க. பொண்ணு பேய் முழி முழிச்சுட்டு ரெண்டு பேர்கிட்டயும் பிறந்த தேதி கேட்டுச்சு. அவங்களுக்கு இடது முட்டி, எனக்கு வலது.