பண்ணைச் சுற்றுலாவும் உள்ளூர் மெஸ்ஸும்: ஒரு ஏக்கர்ல எதை ஆரம்பிக்கறது?

தோப்புக்காரர்:
பொள்ளாச்சிக்குத் தெற்கே 5 ஏக்கர். 4 ஏக்கர் தென்னை, மிச்சம் 1 ஏக்கர் காலி, கிணத்துத் தண்ணி. சனி, ஞாயிறு தங்க வர்றவங்களுக்கு 3 அறை. அவங்களை டவுன்ல இருக்கற சின்ன மெஸ்களுக்குச் சாப்பிட அனுப்பணும், அந்த மெஸ்களுக்கு நம்ம ஊர்த் தோட்டத்துச் சரக்கே போகணும். ஆனா கடைக்காரங்க கேக்கறது ரெண்டுதான்: "நாளைக்கும் வருமா? மண்டி விலைக்கு வருமா?" மெஸ்ல மதியம் 150 சாப்பாடு, வாரம் 6 நாள். கணக்குச் சொல்லுங்க.

இலைக்கட்டு:
காயை விடுங்க, வாழை இலையில ஆரம்பிங்க. தினமும் தேவை. 150 சாப்பாட்டுக்குக் கிழிசல் சேர்த்து 165 துண்டு. ஒரு முழு இலையில நுனி 1, ஏடு (நுனி இல்லாத துண்டு) 2 வெட்டலாம். ஆக நாளைக்கு 55 இலை, வாரத்துக்கு 330. தண்ணி குறையாம இருந்தா பூவன் வாழை மரம் வாரத்துக்கு ஒரு இலை விடும். 330 மரம் போதும்னு நிறுத்தாதீங்க, 450 வையுங்க. 6 அடி இடைவெளியில 40 சென்ட் பிடிக்கும். இது இலைக்கு மட்டும். தாரும் வேணும்னு ஆசைப்பட்டா ரெண்டும் சிறுத்துப் போகும்.

கெடுக்கறது காத்துதான். வைகாசிக் கடைசியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து கிளம்பினா ஆடி முடியற வரை இலை சீப்பு மாதிரி கிழியும். மேற்கு வரப்புல அகத்தியை 2 அடிக்கு ஒண்ணா ரெண்டு வரிசை நெருக்கி விடுங்க, கீரையும் ஆச்சு. இலைப்புள்ளி வந்தா மருந்தடிக்காதீங்க, அதுலதான் சோறு போடறாங்க. புள்ளி விழுந்த இலையை அறுத்து வெளிய கொண்டுபோய் எரிச்சிடுங்க.

பாத்திக்கணக்கு:
இலையோட சிறுகீரையும் போகட்டுமுங்க. 150 பேருக்குக் கூட்டு வைக்க 40 கட்டு. அரை சென்ட் பாத்தி 8 போட்டு, 3 நாளைக்கு ஒரு பாத்தி விதைங்க. 10 கிராம் விதையை ரெண்டு கை மணல்ல கலந்து தூவினாத்தான் ஒரே இடத்துல குவியாது. 22 முதல் 25 நாள்ல வேரோட பிடுங்கலாம். நனைச்ச கையோட இறுக்கிக் கட்டினா உள்ள புழுங்கி, மதியத்துக்குள்ள மஞ்சளாயிடும். வெயிலுக்கு முன்னாடி பிடுங்கி, மண்ணை உதறி, தளர்வாக் கட்டி, ஈரச் சாக்குல நிமிர்த்தி வையுங்க. வேரை நறுக்கி ஆய்ஞ்சு கொடுத்தா கட்டுக்கு ரெண்டு மூணு ரூபா கூடக் கேக்கலாம். மெஸ்ல கீரை ஆயற ஆளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகுது, மண்டியில அது கிடைக்காது.

மண்டிவிலை:
விலைப் பேச்சுக்கு உழவர் சந்தை விலைப் பலகையைக் கையில எடுங்க. அது மொத்த விலைக்கு மேல, சில்லறைக்குக் கீழ நிக்கும். ரெண்டு பக்கமும் ஒத்துக்குவாங்க. மண்டி மலிவுங்கறது பாதிதான் உண்மை. 14 கிலோ தக்காளிப் பெட்டி 280 ரூபான்னா கிலோ 20. அடியில நசுங்கினது ஒன்றரைக் கிலோ, ஆட்டோ பங்கு 20 ரூபா. 300ஐ 12.5ஆல வகுத்தா 24. இந்தக் கணக்கைக் கடைக்காரர் முன்னாடியே போட்டுக் காட்டுங்க.

தக்காளியை இப்போதைக்குத் தொடாதீங்க. கிணத்துக்கடவு தக்காளிச் சந்தையில விலை விழுந்தா பறிகூலி கூட மிஞ்சாது; 2023 ஜூலை மாதிரி 100 ரூபா தாண்டினா உங்களுக்கே மெஸ்ஸுக்குக் கொடுக்க மனசு வராது. பின்னாடி போட்டா, கீழ் விலை 18, மேல் விலை 40னு ஒரு வருஷத்துக்கு எழுதி வெச்சிடுங்க. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பணம். ரெண்டு வாரம் பாக்கி நின்னா வண்டியை நிறுத்துங்க.

தோப்புக்காரர்:
நன்றிங்க. லைசென்ஸ் எதுவும் வேணுமா?

வழித்துணை:
விளைஞ்சதை விளைஞ்சபடி விக்கற விவசாயிக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஊறுகாய், செக்கு எண்ணெய், நெய், விருந்தாளிக்குச் சமைச்ச சாப்பாடு, இதுல எது வித்தாலும் மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையத்துல (எஃப்எஸ்எஸ்ஏஐ) பதிவு எடுக்கணும். அதனால நீங்க எதையும் சமைச்சு விக்காம, சாப்பாட்டுக்கு மெஸ் சீட்டைக் கையில கொடுத்துடுங்கண்ணா. சீட்டுல "இன்னைக்குக் கீரையும் இலையும் நம்ம தோட்டம்"னு எழுதுங்க. கீரை போகாத நாள்ல எழுதாதீங்க, மெஸ்ல பரிமாறறவரைக் கேட்டாத் தெரிஞ்சுரும்.

அப்புறம், தென்னைக்கு அடியில கட்டில், ஊஞ்சல், கார் எதுவும் வேண்டாம். தேங்காய் வெட்டு முடிஞ்ச மறுநாள் கூட மட்டை விழும்.